இந்த ஊரில் மாமா என்றால்

செப்டம்பர் 2

இந்த டைரி போன வருடத்தது. பி.வி.சி. குழாய்க் கடைக்காரர் கொடுத்தது. தேதிகளை நம்பலாம், கிழமைகளை நம்ப வேண்டாம்.

எழுதுவது திருச்செங்கோடு ர. செங்கோட்டுவேல். ஏழாம் வகுப்பு வரை படிப்பு. எட்டாம் வகுப்பின் வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். முப்பத்தொரு வருடம் போர்வெல் ரிக் வண்டியில் வேலை. பதினேழு மாநிலத்து பூமியைத் துளைத்திருக்கிறேன். கென்யாவில் மூன்று வருடம். மண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னால் பல்கலைக்கழகத்தில் நாற்காலி போடுவார்கள். உட்கார எனக்குத்தான் நேரமில்லை.

என் தங்கை மகள் கோகிலவாணி கோயம்புத்தூரில் மண் ஆராய்ச்சி செய்கிறாள். அந்த ஆராய்ச்சிக்காக ஜார்ஜியா என்கிற தேசத்துக்குத் திராட்சைத் தோட்டத்து மண்ணைப் பார்க்கப் புறப்பட்டாள். கூடப் போக இருந்த தோழி ஸ்கூட்டரிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டாள். "அண்ணா, நீ போனாத்தான் இவளை அனுப்புவேன்" என்று தங்கை சொல்லிவிட்டாள். பாஸ்போர்ட் இருந்தது. புறப்பட்டுவிட்டேன். கோகியின் அப்பா சத்தீஸ்கரில் நான்கு ரிக் ஓட்டுகிறார், அவருக்கு ஒழியாது. இல்லாவிட்டால் அவரே வந்திருப்பார்.

விமானத்தில் ஜன்னல் பக்கம் நான். கீழே தெரிந்த பாலைவனத்தில் எங்கே எல்லாம் தண்ணீர் கிடைக்கும் என்று நான்கு இடம் காட்டினேன். பக்கத்து இருக்கைக்காரர் அசந்துபோய்த் தூங்கிவிட்டார்.

செப்டம்பர் 3

ஊர் வந்து சேர்ந்தோம். ஊர்ப் பெயரை எழுத நம் எழுத்து போதாது. நான்கு மெய்யெழுத்துகள் வரிசையில் நிற்கின்றன, நடுவில் உயிரே இல்லை. திபிலீசியிலிருந்து ஒரு பேராசிரியர் காரில் கொண்டுவந்து விட்டார். எதிரே பெரிய மலை, தலையில் பனி. நம் செங்கோட்டு மலையைவிடக் கொஞ்சம்தான் உயரம்.

வீட்டுக்காரர் பெயர் தெங்கிஸ். அறுபது வயது இருக்கும். கதவளவு தோள். மனைவி நானுலி. அவர்களுக்கு ஏக்கா என்று ஒரு மகள், பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். பயிற்சிக்காக நகரத்துக்குப் போயிருக்கிறாளாம், பத்து நாள் ஆகும். அதுவரை இந்த வீட்டில் இங்கிலீஷ் கிடையாது. எனக்குக் கவலை இல்லை. எனக்கும் கிடையாது.

பேராசிரியரின் கார் போனதும் கோகி கேட்டருகே நின்று சொன்னாள்: "மாமா, அந்தப் பெட்டியப் பாத்து இறக்குங்க மாமா, உள்ள கண்ணாடிக் குப்பி இருக்குதுங்க மாமா."

ஒரே பேச்சில் மூன்று மாமா. தெங்கிஸும் நானுலியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நானுலி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். தெங்கிஸ் ஓடி வந்து பெட்டியை என் தோளிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டு, என்னைக் கட்டிப்பிடித்து, "மாமா!" என்றார். கண் கலங்கியிருந்தது. வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, தேசம் தாண்டி ஒரு மருமகன்!

எனக்குக் கொடுத்த அறை வீட்டிலேயே பெரியது. நானுலி தன் கம்பளத்தையே சுவரிலிருந்து கழற்றி என் கட்டிலில் விரித்தாள். சாப்பாட்டு மேஜையில் பதினோரு வகை. இங்கே ரொட்டிக்குப் பெயர் பூரி. சத்தியமாகப் பூரி. கிணறு போன்ற அடுப்புக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து மாவை உட்சுவரில் அறைகிறாள். நான் கால் பிடிக்க ஓடினேன், வேண்டாம் என்று சிரித்தாள். வீட்டுக்குப் பின்னால் தாழிகளைக் கழுத்து வரை மண்ணில் புதைத்து வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து மொண்டு கொடுத்தார்கள். தங்கைக்குச் செய்த சத்தியப்படி நான் மது தொடுவதில்லை. திராட்சைச் சாறு மட்டும் குடித்தேன். மூன்று வருடத்துச் சாறு.

செப்டம்பர் 5

கோகி சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு விஷயத்தைச் சொன்னாள்.

இந்த வீட்டுக்கு இரண்டு தோட்டம். ரோட்டோரம் இருப்பது புதியது. ஏர் ஓட்டி, மருந்தடித்த மண். அது எங்கும் கிடைக்கும். வீட்டுக்குப் பின்னால் இருப்பது தெங்கிஸின் அப்பா வைத்த பழைய தோட்டம். எழுபது வருடமாக ஏரும் மருந்தும் படாத மண். அவளுக்கு வேண்டியது அது. அதில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆறு குழி. இருபத்தைந்தாம் தேதி அறுவடை தொடங்கினால் ஊரே உள்ளே இறங்கி மிதித்துவிடும். அதற்குள் முடிக்க வேண்டும்.

ஆனால் பேராசிரியர் காரில் ஏறும்போதே சொல்லிவிட்டாராம்: வீட்டில் தங்கலாம், பழைய தோட்டத்தைக் கேட்காதே. நான்கு வருடத்துக்கு முன்னால் யாரோ மண் பார்க்கிறோம் என்று வந்து இயந்திரத்தால் தோண்டி வேரை அறுத்துவிட்டார்கள். ஒரு வரிசையே காய்ந்துபோனது. அன்று முதல் அந்தத் தோட்டத்தில் வெளியாள் மண்வெட்டி இறங்கக் கூடாது என்று தெங்கிஸ் சொல்லிவிட்டார்.

"அந்த ஆறு குழி இல்லீன்னா என்ன கண்ணு?"

"மூணு வருசம் செஞ்ச வேலைக்கு முடிவே இல்லீங்க மாமா. வேற தலைப்பு எடுத்து மறுக்கா மொதல்ல இருந்து பண்ணோணும்."

"நான் பேசறேன்."

"எந்த பாஷைலீங்க மாமா?"

இந்தப் பிள்ளைக்கு என் திறமை இன்னும் முழுதாகத் தெரியாது.

செப்டம்பர் 6

பேசிவிட்டேன்.

காலையில் தெங்கிஸ் பழைய தோட்டத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். வேலியோரம் நின்று, உள்ளே வரலாமா என்று கையால் கேட்டேன். தலையசைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். அதை அவர் பார்த்தார்.

முழங்கால் போட்டு ஒரு பிடி மண்ணெடுத்தேன். மோந்தேன். நாக்கில் வைத்தேன். ரிக்கில் எத்தனை ஆயிரம் தடவை செய்தது! சுண்ணாம்புக் கரிப்பு, அடியில் ஒரு இனிப்பு. துப்பவில்லை. தெங்கிஸும் முழங்கால் போட்டு ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்தார். இரண்டு பேரும் மண்ணை மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தோம். உலகத்தில் இதைவிட நல்ல பேச்சுவார்த்தை நடந்திருக்காது.

நான் வீட்டைக் காட்டினேன், கோகி. மண்ணைக் காட்டினேன். ஆறு விரல் காட்டினேன். காய்ந்துபோன வரிசையை அவர் காட்டினார். நான் ஒரு கொடியின் அடியை விரல்களாலேயே தோண்டி, வேர் தெரிந்ததும் கையை எடுத்து, மண்ணை மறுபடி மூடிக் காட்டினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். தன் நெஞ்சில் தட்டி "மாமா" என்றார். என் நெஞ்சில் தட்டி "மாமா" என்றார்.

கோகி ஓடி வந்தாள். "என்னங்க மாமா சொன்னீங்க?" என்றாள்.

"சொல்ற விதத்துல சொன்னேன்."

செப்டம்பர் 8

கோகி குளிக்கப் போயிருந்தபோது நானுலி பழைய புகைப்பட ஆல்பத்தைக் கொண்டுவந்து காட்டினாள். ஒரு படத்தில் தெங்கிஸ், மீசை முளைத்த வயதில். மடியில் குழந்தை ஏக்கா. நானுலி குழந்தையைத் தொட்டு "ஏக்கா" என்றாள். படத்தில் தன்னைத் தொட்டு "தேதா" என்றாள். தெங்கிஸைத் தொட்டு "மாமா" என்றாள். பிறகு குளியலறைப் பக்கம் கை காட்டி "கோகி" என்று சொல்லி, என்னைத் தொட்டு, "கோகிஸ் மாமா" என்றாள்.

இந்த ஊரில் மாமா என்றால் அப்பா.

மருமகனும் இல்லை, புகழும் இல்லை. மூன்றாம் தேதியிலிருந்து ஊர் முழுக்க என்னைக் கோகியின் அப்பா என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. மண்வெட்டி கைக்கு வந்ததும் அதனால்தான்.

கோகி தலை துவட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. குழி வேலை நடக்க வேண்டும் இல்லையா? அதற்காகத்தான். வேறு காரணம் இல்லை.

செப்டம்பர் 10

முதல் குழி. ஒரு வேர்கூட அறுபடவில்லை. மண்வெட்டி பாதி, விரல் பாதி.

செப்டம்பர் 12

இரண்டாம் குழி. கோகி உள்ளே இறங்கிச் சுவரைக் கத்தியால் சீவி, நிறம் பார்த்து, பை பையாக மண் எடுத்து, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதுகிறாள். நான் பையைப் பிடிக்கிறேன். எந்த அடுக்கு எங்கே மாறுகிறது என்று அவள் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிடுகிறேன். ஐந்தில் மூன்று சரி என்கிறாள். ஐந்தும் சரி, கருவியில்தான் கோளாறு.

இந்தக் குடும்பத்தைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். இவர்கள் விருந்தாளியைக் கவனிப்பதில்லை. விருந்தாளிக்காகவே வீட்டைக் கட்டி இத்தனை வருடம் காத்திருந்தவர்கள் மாதிரி இருக்கிறார்கள். கோகி ஒருமுறை தும்மினாள். அரை மணியில் நானுலி கம்பளிக் காலுறையுடன் நிற்கிறாள். என் செருப்பு அறுந்தது; காலையில் பார்த்தால் தெங்கிஸ் தைத்து வாசலில் வைத்திருக்கிறார், வாசலைப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து. கேட்டால் தோளைக் குலுக்குகிறார். போகிறவன் செருப்புத்தான் வாசலைப் பார்க்குமாம் என்று நானாக அர்த்தம் பண்ணிக்கொண்டேன்.

அக்கம்பக்கத்தார் வேலிக்கு வெளியே வந்து நிற்கிறார்கள். தெங்கிஸ் என்னைக் காட்டி "கோகிஸ் மாமா" என்று ஏதோ நீளமாகச் சொல்கிறார். பெரிய பெரிய ஆட்கள் தொப்பியைக் கழற்றுகிறார்கள்.

சாயங்காலம் நானுலி, கோகி சின்ன வயதில் எப்படி என்று கையாலேயே கேட்டாள். நானும் கையாலேயே சொன்னேன். காது குத்தியபோது என் மடியில் உட்கார்ந்து என் சட்டையைக் கடித்துக் கிழித்தது. சைக்கிள் பழகியபோது பின்னால் ஓடியது. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போடப் போனது. காய்ச்சலில் ஈரோடு ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கொண்டு போனது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று ரிக்கை நடு ரோட்டில் நிறுத்தி ஹாரன் அடித்தது. எதையும் சேர்த்துச் சொல்லவில்லை. எல்லாம் நடந்தது.

செப்டம்பர் 14

நான்காம் குழியும் முடிந்தது. இன்னும் இரண்டுதான். அவை மிகப் பழைய வரிசையில், தாழி புதைத்த இடத்தருகே. கோகி அடையாளத்துக்குச் சிவப்புத் துணிக் கொடி நட்டு வைத்திருக்கிறாள்.

செப்டம்பர் 15

ஏக்கா வந்தாள். அம்மாவின் சிரிப்பு, அப்பாவின் தோள். காலைச் சாப்பாட்டில் கோகியிடம் இங்கிலீஷில் கலகலவென்று பேசினாள். நான் பூரியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று "ஃபாதர்" என்று ஒரு சொல் காதில் விழுந்தது. அந்த அளவு இங்கிலீஷ் எனக்குத் தெரியும். கோகியின் ஸ்பூன் நின்றுவிட்டது.

கிணற்றடிக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.

"மாமான்னா இங்க அப்பாங்களாமா?"

"அப்படியா கண்ணு?"

"நடிக்காதீங்க மாமா. உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு... எட்டாம் தேதி வாக்குல."

"ஒரு வாரமாத் தெரிஞ்சும் கம்முனு இருந்தீங்களா? அவர் என்ன சொல்லியிருக்கார் தெரியுமா? வெளியாள் தோண்டக் கூடாதுதான், ஆனா பொண்ணுக்காகக் கடல் தாண்டிப் பெட்டி சுமந்து வந்த ஒரு அப்பன், இன்னொரு அப்பன் வெச்ச வேரை அறுக்க மாட்டான்னு ஊரு பூராச் சொல்லியிருக்கார். ஏக்கா சொல்லிட்டே அழுகறா. பொய் மேல நின்னுட்டுக் குழி தோண்டியிருக்கறேன் நானு."

"ரெண்டே குழி அம்மிணி. அது முடியட்டும். அப்புறம் பதமாச் சொல்லிக்கலாம்."

"எனக்கு அப்பன் வேண்டாங்க மாமா. இருபத்தி மூணு வருசமா இல்லாமப் பழகிட்டேன். எல்லா ஃபாரத்துலயும் அந்தப் பேரை எழுதி எழுதிக் கை ஓஞ்சுபோச்சு. இங்க வந்து ஒரு இரவல் அப்பனை வெச்சுட்டு நிக்கோணுமா? இன்னைக்கே சொல்லீருவேன்."

"ஞாயித்துக்கிழமை விருந்து இருக்குது. அதுவரைக்கும் பொறு. நானே சொல்றேன்."

அவள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். இரவல் என்றாள். சரியான சொல்தான்.

செப்டம்பர் 16

கோகி பேசவில்லை. குழி தோண்டவில்லை. வாளியைக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

செப்டம்பர் 17

இரண்டாம் தேதிப் பக்கத்தில் ஒரு வரியை அடித்தேன். அடித்தது வெளியே தெரிகிறது, போகட்டும்.

கோகியின் அப்பா சத்தீஸ்கரில் நான்கு ரிக் ஓட்டவில்லை. ஓட்டுகிறாரா, இருக்கிறாரா, எனக்குத் தெரியாது. என் ரிக்கில் ராடு மாட்டும் வேலையில் இருந்தவன். சுறுசுறுப்பானவன், நன்றாகப் பாடுவான். தங்கைக்கு இவனைப் பார்க்கலாம் என்று வீட்டில் சொன்னது நான். அம்மா வேண்டாம் என்றபோது சண்டை போட்டதும் நான். கோகிக்கு நான்கு வயதாகும்போது ஆந்திரா பக்கம் வண்டிக்குப் போனான். வண்டி திரும்பி வந்தது.

நான்கு ரிக் நான் கட்டிவிட்டது. முதலில் ஊராருக்கு, பிறகு அவளுக்கு. இப்போது டைரிக்கும்.

கையோடு இதையும் எழுதிவிடுகிறேன். கென்யா மூன்று வருடம் இல்லை. நாற்பது நாள். அதில் முப்பது காய்ச்சல்.

செப்டம்பர் 18

மத்தியானம் விருந்து. முற்றத்தில் வால்நட் மரத்தடியில் நீள மேஜை, இருபது பேர். இங்கே குடிப்பதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. மேஜைத் தலைவர் எழுந்து ஒன்றைப் புகழ்ந்து பேசாமல் யாரும் கோப்பையைத் தொடக் கூடாது. தலைவருக்குப் பெயர் தமதா, இன்று தெங்கிஸ். நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, மழைக்கு, பெண் பிள்ளைகளுக்கு என்று வரிசையாகப் பேசினார். ஒவ்வொரு பேச்சும் அளந்து வைத்த மாதிரி. நானும் மேடைப்பேச்சில் பெயர் எடுத்தவன் என்று எழுத வந்தேன். இல்லை, இவர் பக்கத்தில் நான் மைக் டெஸ்ட் பண்ணுகிறவன்.

பிறகு அப்பாக்களுக்கு என்று எழுந்தார். பேசி முடித்து, கோப்பையை என் பக்கம் நீட்டி, மேற்கொண்டு நீ பேசு என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தமிழில் பேச வேண்டும், அதைக் கோகி இங்கிலீஷில் சொல்ல வேண்டும், ஏக்கா அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டும். எழுந்து நின்றேன். கோகியும் எழுந்து பக்கத்தில் நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான் இந்தப் புள்ளையோட அப்பன் இல்லீங்க" என்றேன். "அவ அம்மாவோட அண்ணன். எங்க பாஷைல அதுக்குப் பேரு மாமா. நீங்க அப்பன்னு நெனச்சதுல தப்பில்லை. எட்டாம் தேதியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, நான்தான் சொல்லலை."

கோகி சொன்னாள். ஏக்கா ஒரு கணம் தயங்கி அப்பாவைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எங்கூருல காது குத்தறப்பக் கொழந்தை மாமன் மடியிலதான் உக்காரோணும். அப்பன் பக்கத்துல நிப்பான். இவளுக்கு அப்பன்னு ஒருத்தனைக் கொண்டாந்து விட்டதும் நான்தானுங்க. அவன் நிக்கலை. அதனால மடிய நான் எடுக்கவே இல்லை."

கோகியின் குரல் கொஞ்சம் இறங்கியது. ஆனால் சொல்லிவிட்டாள்.

"குழிக்காகத்தான் கம்முனு இருந்தேன்னு டைரில எழுதி வெச்சிருக்கறேன். அதுவும் பொய்யிங்க. நீங்கல்லாம் அப்படிக் கூப்பிட்டப்ப, கேக்க நல்லா இருந்துச்சு."

இதைக் கோகி உடனே சொல்லவில்லை. ஏக்கா காத்திருந்தாள். கோகி தண்ணீர் குடித்தாள். பிறகு நான்கைந்து சொல்லில் சொன்னாள். ஏக்கா இரண்டே சொல்லில் சொன்னாள்.

தெங்கிஸ் கோப்பையைக் கீழே வைத்தார். ஏக்காவிடம் ஏதோ கேட்டார்.

"அம்மாவோட அண்ணன் தம்பிய இங்க பிட்ஸான்னு சொல்லுவாங்களாம்" என்று கோகி மெதுவாக எனக்குச் சொன்னாள்.

கடல் தாண்டி வந்து ஒரு தின்பண்டத்தின் பெயரா என்று வாய் வரை வந்தது. வேறொரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

தெங்கிஸ் என்னை நேராகப் பார்த்துச் சொன்னதை இரண்டு பெண்களும் கைமாற்றிக் கொடுத்தார்கள்: "அப்பன் தோண்டலாம் என்றுதான் நான் சொன்னேன். நீ அப்பன் இல்லை. நாளையிலிருந்து என் மண்வெட்டியை நீ தொடக் கூடாது."

நானுலி அப்போதும் என் தட்டில் ஒரு துண்டு கோழி வைத்தாள். இரண்டு குழி போய்விட்டது. கோகியின் மூன்று வருடம் போய்விட்டது.

செப்டம்பர் 19

விடிந்ததும் மண் வெட்டும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தேன்.

சிவப்புக் கொடி நட்ட ஐந்தாவது இடத்தில் தெங்கிஸ் முழங்கால் ஆழத்தில் நிற்கிறார். மண்வெட்டி பாதி, விரல் பாதி. என்னைப் பார்த்துக் கற்றுக்கொண்ட மாதிரியே. குழிக்கரையில் சாப்பாட்டு அறை நாற்காலி ஒன்று கிடக்கிறது. என்னைக் கண்டதும் அதைக் காட்டினார். நான் மண்வெட்டிக்குக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். ஏக்கா சிரித்துக்கொண்டே வந்தாள், பின்னால் கோகி.

தெங்கிஸ் சொன்னதாகக் கோகி எனக்குச் சொன்னது இது. அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"தோட்டக்காரனே தோண்டினா வெளியாள் தோண்டுனதா ஆகாதுங்களாம். அப்பன் வேலைய இன்னைக்கு இவரு பாக்கறாராம். நீங்க இருபத்தி மூணு வருசம் பாத்துட்டீங்களாம். உக்காருங்கன்னு சொல்றார்."

உட்கார்ந்தேன். பல்கலைக்கழகத்தில் நாற்காலி போடுவார்கள் என்று முன்னால் எழுதியிருந்தேன். இங்கே போட்டார்கள்.

செப்டம்பர் 20

ஐந்தாம் குழியில் இறங்கி மண் எடுக்கும்போது கோகி பேசினாள். முகம் சுவர்ப் பக்கம்.

"அந்த நாலு ரிக்கு இல்லைங்கறது எனக்கு ஆறாங்கிளாஸ்லயே தெரியுங்க மாமா. அவரை நீங்கதான் கூட்டிட்டு வந்தீங்கன்னு அம்மாவும் சொல்லீருச்சு."

"பின்ன ஏன் கண்ணு கேக்கலை?"

"நீங்க சொல்றப்ப நல்லா இருக்கும். ஒவ்வொரு வாட்டியும் ரிக்கோட கலர் மாறும். ஒருக்கா பச்சைன்னீங்க, ஒருக்கா மஞ்சள்னீங்க. அடுத்து என்ன கலர்னு பாத்துட்டே இருப்பேன்." பையை மேலே நீட்டினாள். "இரவல்னு சொல்லியிருக்கக் கூடாது நானு."

"அட விடு, போச்சாது போ. கத்திய இந்தப் பக்கம் சாய்ச்சுப் புடி."

செப்டம்பர் 22

ஆறாம் குழியும் முடிந்தது. வேர் ஒன்றுகூட அறுபடவில்லை. எண்பத்தி நான்கு பை மண்.

குழிக்குள்ளிருந்து கோகி "மாமா!" என்று கூப்பிட்டாள், வாளிக்காக. நானும் தெங்கிஸும் ஒரே நேரத்தில் திரும்பினோம். நானுலி அடுப்படியில் உட்கார்ந்தே போய்விட்டாள், அப்படி ஒரு சிரிப்பு.

சாயங்காலம் ஏக்கா கோகிக்குப் பாடம் நடத்தினாள். என்னைக் காட்டி "பிட்ஸா" என்று சொல்லச் சொன்னாள். கோகி பத்துத் தடவை திருத்தமாகச் சொன்னாள். இனிமேல் ஊருக்குள் குழப்பம் வராது. நல்லதுதான்.

செப்டம்பர் 25

அறுவடை. ஊரே இறங்கியது. மண்வெட்டிதான் தொடக் கூடாது. கூடையைத் தொடலாமா என்று கேட்டேன், தொடலாம் என்றார்கள். தொட்டியில் இறங்கித் திராட்சை மிதித்தேன். நான் ஒருவன் மிதித்தது நான்கு டன் இருக்கும். கால் ஊதாவாகிவிட்டது. இந்த வருடத் தாழியில் திருச்செங்கோட்டுக் கால் இருக்கிறது என்று தெங்கிஸ் சொன்னாராம். இதை நான் சேர்க்கவில்லை, அவரே சொன்னார்.

செப்டம்பர் 27

புறப்பாடு. நானுலி மாலை மாலையாகக் கோர்த்த வால்நட்டும் பூரியும் கட்டிக் கொடுத்தாள். தெங்கிஸ் என் செருப்பை எடுத்து வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். வைத்துவிட்டு வெகுநேரம் குனிந்தே இருந்தார். அன்று நான் பண்ணிய அர்த்தம் சரிதான். வேலி வரை வந்து, ஒரு துணியில் முடிந்த பொருளைக் கையில் திணித்தார். பழைய தோட்டத்து மண், ஒரு பிடி.

திபிலீசிக்குப் போகும் வேன் நிற்கும் இடம் வரை ஏக்கா வந்தாள். வேனுக்குள் ஒரு அம்மாள், கூடை நிறையத் தக்காளியோடு. பக்கத்து ஊராம், எங்களைத் தெரியாது. கோகி என் பெட்டியைத் தூக்கி மேலே வைப்பதையும், நான் அதைப் பிடுங்குவதையும் பார்த்துவிட்டு, அந்த அம்மாள் என்னைக் காட்டிக் கோகியிடம் ஏதோ கேட்டாள். இது யார் என்றுதான் கேட்டிருப்பாள்.

பத்துத் தடவை பாடம் படித்தவள் கோகி. அவளுக்கு அந்தச் சொல் தெரியும்.

"செமி மாமா" என்றாள்.

அந்த அம்மாள் தலையாட்டி எனக்கு ஒரு தக்காளி கொடுத்தாள். வெளியே ஜன்னலருகில் நின்ற ஏக்கா திருத்தவில்லை. கோகி பெட்டியின் பட்டையை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏக்கா, செமி?" என்று கேட்டேன். அவள் உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினாள்.

செப்டம்பர் 28

விமானத்தில். ஜன்னல் பக்கம் கோகி.

செமி: என்னுடைய.

இன்றைக்குச் சேர்த்து எழுத ஒன்றுமில்லை.